கன்டினியூவேஷனா, டிரான்ஸ்ஃபரா? இரண்டு சின்னப் பள்ளிகளின் எண்களைப் படிப்பது எப்படி

கலிபோர்னியாவில் வீடு தேடும் நம் ஆட்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளிக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துவிடுவார்கள். பத்துக்கு ஒன்பது என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. அதே ஊரில் நூறு, நூற்றைம்பது பேர் மட்டும் படிக்கிற இன்னொரு உயர்நிலைப் பள்ளியும் இருக்கும். அதற்குப் பத்துக்கு ஒன்றோ இரண்டோ போட்டிருக்கும். 'கன்டினியூவேஷன் ஸ்கூல்' என்பது அதுதான். நியூயார்க் நகரில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்வது 'டிரான்ஸ்ஃபர் ஸ்கூல்'. இரண்டுமே கட்டணம் இல்லாத அரசுப் பள்ளிகள். வழக்கமான பள்ளியில் பின்தங்கிப் போனவர்களுக்கானவை. எது தேவலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஒன்றும் இரண்டும் எப்படி வருகின்றன என்று பார்த்துவிடலாம்.

2008-ல் கூட்டாட்சி அரசு ஒரு விதி போட்டது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டுகளில் டிப்ளமா (உயர்நிலைப் பள்ளி முடித்த சான்றிதழ்) வாங்குகிறார்கள் என்பதை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் பள்ளி மாறுகிற பிள்ளையிடம் வருகிறது. மாறிப் போனதும் பழைய பள்ளியின் கணக்கிலிருந்து அவன் பெயர் நீங்கிவிடும், புதிய பள்ளியின் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பெரிய பள்ளியில் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் 400 பேர். மூன்றாம் ஆண்டில், கிரெடிட் (பாடத்தில் தேறினால் கிடைக்கும் புள்ளி) குறைந்த 20 பேர் சின்னப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள். மிச்சம் 380 பேரில் 342 பேர் முடித்தால் பெரிய பள்ளிக்கு 90 விழுக்காடு. அந்த 20 பேரில் 12 பேரைச் சின்னப் பள்ளி எப்படியோ இழுத்துக் கரைசேர்த்தாலும் அதற்குக் கிடைப்பது 60 விழுக்காடுதான். கூட்டாட்சிச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிக்காமல் போனால் அந்தப் பள்ளி 'தீவிர உதவி தேவை' பட்டியலில் ஏறிவிடும். இரண்டு ஆண்டு பிந்தி வந்தவர்களில் பாதிக்கு மேல் கரையேற்றிய பள்ளி பட்டியலில் நிற்கும். அனுப்பிவைத்த பள்ளி வாசலில் வாழ்த்துப் பதாகை கட்டும்.

இதைச் சரிக்கட்ட இரண்டு மாநிலங்களும் இரண்டு வழி பிடித்தன. 70 விழுக்காடாவது நெருக்கடியில் இருக்கும் மாணவர்களைக் கொண்ட பள்ளிகளுக்குக் கலிபோர்னியா தனித் தகுதி கொடுத்து, ஓராண்டுக் கணக்கு ஒன்றை உருவாக்கியது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டே முடித்தார்கள் என்று மட்டும் பார்த்தது அந்தக் கணக்கு. நியூயார்க் மாநிலம் நான்காண்டு விழுக்காட்டோடு ஐந்தாண்டு, ஆறாண்டு விழுக்காடுகளையும் சேர்த்துப் பார்க்கிறது. எனக்கு நியூயார்க் வழிதான் நேர்மையாகப் படுகிறது. ஓராண்டுக் கணக்கில் பதினோராம் வகுப்போடு காணாமல் போனவன் கண்ணிலேயே படமாட்டான். ஆறாண்டுக் கணக்கில் அவன் கடைசி வரை இருப்பான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கன்டினியூவேஷன் பள்ளிக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வகுப்பில் இருந்தால் போதும். காலையில் வகுப்பு, பிற்பகலில் பர்கர் கடையில் வேலை என்று ஓட்டுகிற பையனுக்கு இது உயிர்நாடி. வழக்கமான பள்ளியில் பருவம் முழுவதும் படித்து, தேறினால்தான் ஐந்து கிரெடிட், தவறினால் சுழியம். இங்கே ஒரு பாடத்தில் முடித்த அளவுக்கு ஒன்று, இரண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம். டிப்ளமா வாங்க மாநில அளவிலான முடிவுத் தேர்வும் இல்லை; 2015-ல் நிறுத்திவைத்து 2017-ல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

டிரான்ஸ்ஃபர் பள்ளியில் 21 வயது வரை இடம் உண்டு. 44 கிரெடிட்டும், வழக்கப்படி ஐந்து ரீஜென்ட்ஸ் தேர்வுகளும் (நியூயார்க் மாநிலத்தின் பொதுத் தேர்வுகள்) வேண்டும். சேர்க்கைக்குப் பெரும்பாலும் நேர்காணல் உண்டு. படிக்க மனம் இருப்பவனே விண்ணப்பித்து வருகிறான் என்பதால் எண்களும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். கலிபோர்னியாவிலோ பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) விருப்பத்தைக் கேட்காமலும் அனுப்ப முடியும். இந்த வித்தியாசம் எந்த அட்டவணையிலும் வராது.

நியூயார்க்கில் ஒரு பள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மன்ஹாட்டனில் இருக்கும் சிட்டி-ஆஸ்-ஸ்கூல், 1972 முதல் நடக்கிறது. மாணவர்கள் ஊருக்குள் அலுவலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பயிற்சி வேலை பார்த்தே கிரெடிட் சேர்க்கிறார்கள். ரீஜென்ட்ஸில் ஆங்கிலம் தவிர மற்றவற்றுக்குப் பதில் ஆய்வுக் கட்டுரை எழுதி, சோதனை செய்து, நடுவர்கள் முன் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டும். ஓவியர் ஜான்-மிஷேல் பாஸ்கியா இங்கே படித்தார். முடிக்காமல் பாதியில் போனார். இன்றைய கணக்குப்படி அவரும் இடைநின்றவர் பத்தியில் ஒரு எண்.

மாணவர் விவரப் பட்டியலுக்கு வருவோம். இரண்டு இடங்களிலும் கறுப்பின, லத்தீன் மாணவர்களின் பங்கு சுற்றுவட்டாரச் சராசரியை விடக் கூடுதல். இந்தப் பத்தியை நம்பலாம். 'பொருளாதாரத்தில் பின்தங்கியவர்' பத்தியில்தான் எனக்குச் சந்தேகம். இலவச மதிய உணவு விண்ணப்பத்தை வைத்து ஏழ்மையை அளந்துவந்தார்கள். நியூயார்க் நகரம் 2017-லும் கலிபோர்னியா 2022-லும் எல்லாருக்கும் இலவச உணவு என்று அறிவித்துவிட்டன. நல்ல காரியம். ஆனால் சாப்பாடு எப்படியும் கிடைக்கும்போது படிவத்தை யார் நிரப்புவார்கள்?

சின்னப் பள்ளி என்பதே இன்னொரு தொல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 12 பேர் என்றால் ஒரு பிள்ளை நின்றுபோனாலே எட்டு விழுக்காடு சரியும். 11 பேருக்குக் குறைந்த பிரிவுகளின் முடிவைக் கலிபோர்னியா வெளியிடுவதே இல்லை. அந்தரங்கம் கருதி நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். பதினோராம் வகுப்பு மாநிலத் தேர்வு மதிப்பெண்ணிலும் தொல்லைதான். இரண்டு மாதம் முன்பு வந்தவன் எழுதிய தேர்வு எந்தப் பள்ளியின் பாடத்தை அளக்கிறது?

என்னைக் கேட்டால், வயது 17-க்குள், வேலைக்கும் போக வேண்டும், கொஞ்சம் கிரெடிட்தான் பாக்கி என்றால் கன்டினியூவேஷன் முறை வேகமானது. அதன் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகத் தேவையான 15 பாடங்களும் பல கன்டினியூவேஷன் பள்ளிகளில் கிடைப்பதில்லை. டிப்ளமா அசல்தான், ஆனால் முதலில் இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம்தான் மற்றது. 18 தாண்டி, ஒன்பதாம் வகுப்புக் கிரெடிட்டே அரைகுறை என்றால் டிரான்ஸ்ஃபர் முறைக்குத்தான் பொறுமை அதிகம்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும், பள்ளிகளை நிறம் போட்டுத் தரம் பிரிக்கும் இணைய டாஷ்போர்டை விட்டுவிட்டுப் பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) ஒன்றைக் கேளுங்கள்: போன ஜனவரியில் சேர்ந்தவர்களில் ஜூனில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆளுக்கு எத்தனை கிரெடிட் சேர்த்திருந்தார்கள்? நூறு பேர் படிக்கிற பள்ளியில் இதற்குப் பதில் சொல்லக் கணினியைத் திறக்க வேண்டியதில்லை.