பேரப்பிள்ளைகளோடு தோட்டா ரீலோடிங்: பல வருடப் பயன்பாட்டில் எந்தக் கருவி உதவியது, எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிய பிரைமர் (அடியில் உட்கார்ந்து, அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலும் வேட்டையும் பழக்கமான குடும்பங்களில் இது தாத்தா காலத்துப் பொழுதுபோக்கு. சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்ய அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பனைக்கு என்றால் தேவை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைத்துப்பாக்கியையோ அதற்கு மட்டுமே பொருந்தும் தோட்டாவையோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலேயே கட்டுப்பாடு உண்டு. விலக்குகளும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால் உங்கள் மாநில விதியை முதலில் படியுங்கள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வீட்டில் முயல வேண்டிய விஷயமே அல்ல.

இந்தப் பகிர்வில் பவுடர் அளவு எதுவும் தரப்போவதில்லை. அதைப் பவுடர் நிறுவனங்களின் அச்சிட்ட கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இங்கே பேசுவது, பிள்ளைகளோடு மேசையில் உட்காரும்போது எந்தக் கருவி ஒத்துழைக்கிறது, எங்கே தவறு நுழைகிறது என்பதை மட்டும்.

முதலில் பிரஸ், அதாவது கைப்பிடியை இழுத்தால் கூட்டை டைக்குள் (கூட்டுக்கு வடிவம் தரும், குண்டை உட்காரவைக்கும் அச்சு) தள்ளும் கருவி. ஒரு கைப்பிடி இழுப்பில் ஒரு வேலை மட்டும் நடக்கும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. டில்லன் 750 மாதிரியான புரோகிரசிவ் பிரஸ் அருமையான இயந்திரம்தான், ஆனால் ஒரே இழுப்பில் நாலைந்து கூடுகளில் நாலைந்து வேலை நடக்கிறது. ஒரு இடத்தில் பிரைமர் சிக்கினாலும், பவுடர் விழாமல் போனாலும், பழகிய கைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எல்லா இழுப்பும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் லீ கிளாசிக் டரட் இருக்கிறது. அதில் டைகளைச் சுற்றும் முறுக்குக் கம்பியைக் கழற்றிவிட்டால் அதுவே சிங்கிள் ஸ்டேஜ் ஆகிவிடும். பிள்ளை வளர்ந்த பிறகு கம்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு பிரஸ் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நான் சொல்வது அதைத்தான்.

ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் வார்ப்பிரும்பில் செய்த, தலைமுறை தாண்டி நிற்கும் பிரஸ். குறை சொல்ல ஒன்றே ஒன்று: கழற்றிய பழைய பிரைமர்கள் தட்டில் விழாமல் சில தரையில் சிதறும், கூடவே கரிப்பொடியும் விழும். லீ கிளாசிக் காஸ்ட்டில் அவை உள்ளீடற்ற தண்டு வழியாக ஒரு குழாய்க்குள் இறங்கிவிடுகின்றன. பெரியவர்கள் மட்டும் இருக்கும் அறையில் இது சின்ன வித்தியாசம். பிள்ளைகள் இருக்கும் அறையில் இதை வைத்தே பிரஸ்ஸைத் தேர்ந்தெடுக்கலாம், ஏனென்றால் அந்தக் கரிப்பொடியில் ஈயம் இருக்கிறது.

ஈயத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து வெடிப்பை விட இதில்தான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட பிறகு அதன் மிச்சம் கூட்டுக்குள் பொடியாகப் படிகிறது. வால்நட் ஓடு அல்லது சோளத்தக்கைப் பொடி போட்டு அதிர்வு டம்ளரில் (கூடுகளைக் குலுக்கித் துலக்கும் இயந்திரம்) கூடுகளைச் சுத்தம் செய்தால் அந்தப் பொடி முழுக்க அந்தத் தக்கையில் சேர்ந்து, சலிக்கும்போது புழுதியாக எழும்புகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிள்ளைகளின் ரத்த ஈயத்துக்கான குறிப்பு அளவை 2021இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அந்த அளவை எட்ட அதிகப் பொடி வேண்டியதில்லை.

அதனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு தண்ணீர் ஊற்றிச் சுழற்றும் ஈர டம்ளர்தான். கூடு, தண்ணீர், துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், சில சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம், கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். அமிலம் கூடினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகும். பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் போடக்கூடாது, அது பித்தளையில் விரிசல் விடும். வெளியே வரும் கறுப்புத் தண்ணீரிலும் ஈயம் உண்டு என்பதால் அதைக் கொட்டுவதும் ஊசி பிரிப்பதும் பெரியவர் வேலை. கழுவிய கூட்டைத் துண்டில் பரப்பிக் காயவிடுங்கள், சமையலறை ஓவனும் வடிகட்டியும் இதற்கு வரக்கூடாது. காய்ந்த பின் ஒவ்வொரு கூட்டின் அடித்துளையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், இரண்டு ஊசி ஒன்றாகச் சிக்கி நிற்பது சகஜம்.

மேசையில் தின்பண்டம், தண்ணீர்ப் பாட்டில் கூடாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பதைப் பிள்ளைகளோடு செய்யவே வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டிய வேலை பார்த்துப் பிரிப்பது. கழுவிக் காயவைத்த கூடுகளைத்தான் கொடுக்க வேண்டும். 9 மிமீ கைத்துப்பாக்கிக் கூடுகளின் நடுவே .380 அளவுக் கூடு ஒளிந்துகொள்ளும், அடிவிட்டம் சற்றே குறைவு, உயரமும் குறைவு. .45 ஏசிபி கூடுகளில் பெரிய பிரைமர் குழியும் உண்டு, சின்னக் குழியும் உண்டு. பெர்டான் வகைக் கூட்டில் நடுத்துளை இருக்காது, இரண்டு சின்னத் துளை இருக்கும். தெரியாமல் பிரஸ்ஸில் விட்டால் பிரைமர் தள்ளும் ஊசி ஒடியும். இவற்றைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளின் கண் பெரியவர்களின் கண்ணை விடக் கூர்மை. கழுத்தில் கீறல், ராணுவக் கூட்டின் பிரைமர் குழியைச் சுற்றி நசுக்கிய வளையம், ரைஃபிள் கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளிச்சென்ற கோடு, எதையும் விடமாட்டார்கள். அந்தக் கோடு தெரிந்தால் கூடு அங்கே மெலிந்திருக்கலாம், அடுத்த முறை சுடும்போது இரண்டாகப் பிரியலாம். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் பள்ளம் தட்டுப்படும், தட்டுப்பட்டால் அதைப் பழைய பித்தளையில் போட்டுவிடலாம்.

.223 ரைஃபிளும் .300 பிளாக்அவுட்டும் ஒரே வீட்டில் இருந்தால் பிரிப்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்று, மேகசினும் ஒன்று. பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியில் நுழைந்து சுடப்பட்டால் குண்டு குழலுக்குப் பெரிதாக இருந்து துப்பாக்கியே சிதறும். பிள்ளைகளோடு செய்யும் நாளில் ஒரே ஒரு அளவுதான் மேசைமேல் இருக்க வேண்டும், மற்றது பூட்டில் இருக்கட்டும்.

தொடங்க எந்த அளவுத் தோட்டா? .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா. நேரான கூடு, கார்பைட் டை போட்டால் எண்ணெய் தடவ வேண்டியதில்லை. எண்ணெய் குறைந்தால் கூடு டைக்குள் இறுகிக்கொள்வதும், கூடினால் கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் குழி விழுவதும் ரைஃபிள் கூடுகளில்தான். கூட்டின் அதிகபட்ச நீளம் 1.155 அங்குலம், முழுத் தோட்டாவின் அதிகபட்ச நீளம் 1.550 அங்குலம். நீளம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பரைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை அளந்துகொண்டே இருக்கும். வாய் விரிக்கும் டையைக் குறைவாக இறக்கினால் குண்டின் ஓரம் ஈயச் சுருளாகச் சீவப்படும், அதிகமாக இறக்கினால் வாய் சீக்கிரம் பிளக்கும். இந்த இரண்டையும் வேண்டுமென்றே ஒரு வெற்றுக் கூட்டில் செய்து காட்டலாம். அதில் பிரைமரும் பவுடரும் இல்லாததால் ஆபத்து இல்லை, கண்ணுக்கு நேரே தெரியும்.

ஆனால் .38 ஸ்பெஷலுக்கு ஒரு பெரிய கெட்ட குணம் உண்டு. அது கரும்பவுடர் காலத்துக் கூடு, உள்ளே இடம் அதிகம். இன்றைய வேகமான பவுடர் அதன் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் வழியாது, குண்டு வழக்கம்போல உட்காரும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சுட்டால் ரிவால்வரின் சிலிண்டர் பிளக்கும். அதனால் கையேடு அனுமதிக்கும் பவுடர்களில் இடத்தை நிறைக்கும் பருமனான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டாவது தடவை விழுந்தால் கூடு வழிந்து காட்டிக்கொடுக்க வேண்டும். எதிர்த் தவறும் உண்டு. பவுடரே விழாத கூட்டில் பிரைமரின் வேகமே குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ‘டப்’ என்று மெலிந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, தோட்டாவை நீக்கி, குழலைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சுடுகளத்துக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பவுடர் போடும் ஒழுங்கு இது. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. 50 குழி கொண்ட மரக்கட்டையில் பிரைமர் வைத்த கூடுகள் எல்லாம் தலைகீழாக நிற்கும். பெரியவர் ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, பவுடர் போட்டு, இன்னொரு கட்டையில் வைப்பார். 50-உம் முடிந்ததும் பிள்ளை டார்ச் அடித்து வரிசை வரிசையாக உயரம் பார்க்கும். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுக்க வேண்டும். “அது சரியாத்தான் இருக்கும்” என்று பெரியவர் சமாதானம் சொல்லக்கூடாது. பிள்ளை நிறுத்து என்றால் நிறுத்துவது என்ற விதியை நாமே மீறினால், அடுத்த முறை அது வாயைத் திறக்காது. இடையில் போன் வந்தாலோ யாராவது கூப்பிட்டாலோ அந்தக் கட்டையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

தராசில் என் ஓட்டு பழைய காந்தத் தடுப்புள்ள கோல்தராசுக்கு. மின்னணுத் தராசு வேகமானது, ஆனால் சூடேற நேரம் எடுக்கும், மின்விசிறிக் காற்றுக்கும் பக்கத்தில் வைத்த போனுக்கும் அசையும். எதுவானாலும் சோதனைப் படிக்கல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கிரெயின் என்ற அளவைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு கணக்கு போதும்: ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்.

பிரைமர் வைப்பதைச் சிறிய பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பதின்வயதுப் பிள்ளை பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கைக்கருவியில் செய்யலாம், பிரைமர் தட்டையும் அழுத்தும் இடத்தையும் பிரிக்கும் தடுப்புள்ள கருவியாக இருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பங்கு இறங்கியிருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். பிரைமர்களை ஜாடியில் கொட்டி வைப்பது மிகவும் அபாயம், ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். கடையில் வாங்கிய பெட்டியிலேயே இருக்கட்டும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரவிதி 495 வீட்டில் 10,000 பிரைமர், மூல டப்பாவில் 20 பவுண்டு புகையில்லாப் பவுடர் என்று வரம்பு வைக்கிறது. சிந்திய பவுடரை வாக்குவம் போட்டு உறிஞ்சாதீர்கள், தூரிகையும் முறமும் போதும்.

செலவு மிச்சமாகுமா என்றால், 9 மிமீ அளவில் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் இல்லை. .38 ஸ்பெஷலிலும் வேட்டை ரைஃபிள் அளவுகளிலும் ஆகும்.

பதிவேடு எழுதுவது பிள்ளையின் வேலை: தேதி, கூட்டின் தயாரிப்பு, எத்தனையாவது நிரப்பல், குண்டின் எடை, பவுடரின் முழுப் பெயர், எடை, பிரைமர், முழு நீளம், நிரப்பியவர் பெயர். இதே விவரம் பெட்டியின் மேலும் ஒட்டப்பட வேண்டும். பவுடரின் முழுப் பெயர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஐஎம்ஆர் 4350, ஹாட்ஜ்டன் எச்4350 இரண்டும் வேறு வேறு பவுடர், ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. “4350” என்று மட்டும் எழுதிய பெட்டி யாருக்கும் பயன்படாது.

தாத்தாவின் அலமாரி பேரனுக்கு வரும்போது பிரஸ், டை, தராசு எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டால் அப்படியே ஓடும். மற்றவை அப்படியல்ல. பெயர்ச்சீட்டு இல்லாத பவுடர், டப்பா மாறிய பவுடர், திறந்தால் காட்டமான அமில நெடி அடிக்கும் அல்லது செம்பழுப்புப் பொடி தெரியும் பவுடர் எதையும் பயன்படுத்தக்கூடாது. எப்படி அப்புறப்படுத்துவது என்று உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். விவரம் எழுதாத ரீலோடிங் தோட்டாக்களைச் சுட வேண்டாம். சுத்தியல் வடிவக் குண்டு பிடுங்கியில் வைத்துத் தட்டிப் பிரித்தால் குண்டும் கூடும் மிஞ்சும். .22 மாதிரி விளிம்பில் வெடிக்கும் தோட்டாவை மட்டும் அந்தச் சுத்தியலில் வைக்கவே கூடாது, தட்டும்போதே வெடிக்கலாம். பழைய கையேடுகளைப் படிக்க வைத்துக்கொள்ளலாம், பவுடர் அளவை மட்டும் இன்றைய பதிப்பிலிருந்து எடுத்து, அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள்.