இரண்டு குழந்தைகள், நாலு வருடம், ஜிங்க் களிம்பு

எங்கள் ஊரில் டயாபர் என்று சொன்னால் கடையில் புரிந்துகொள்வார்கள், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாப்பிதான். அதனால் வரும் சிவப்பு நாப்பி ராஷ். தென் ஆப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கிறோம். மூத்தவள் 2021 ஜனவரியில் பிறந்தாள், சின்னவன் 2023 செப்டம்பரில். இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். பெரியவர்களுக்கே தோல் கசகசக்கிறது. நாப்பிக்குள் இருக்கும் பிஞ்சுத் தோலைக் கேட்கவே வேண்டாம்.

இந்த நாலு வருடத்தில் ஜிங்க் ஆக்சைடு (துத்தநாகத்திலிருந்து வரும் வெள்ளைத் தூள்) சேர்ந்த களிம்பு மூன்று விதம் போட்டுப் பார்த்துவிட்டேன். எதை வாங்கலாம் என்று தோழிகள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் நாலைந்து வார்த்தைதான் பேசுவார், ஆனால் என் மகளைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். “ஜிங்க் அண்ட் காஸ்டர் ஆயில்” என்று எழுதிய சாதாரண டப்பா. மருந்துக் கடையில் கீழ்த் தட்டில், விலை குறைந்த வரிசையில் இருப்பது. வீடியோ காலில் காட்டினேன். “அட, விளக்கெண்ணெய்தானே!” என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உண்மைதான். பிரிட்டிஷ் மருந்து முறைப்படி செய்யும் இந்த ஆயின்ட்மென்டில் பாதி, அதாவது 50 சதவீதம், விளக்கெண்ணெய். ஜிங்க் ஆக்சைடு 7.5 சதவீதம். மீதியில் தேன்மெழுகும் கடலை எண்ணெயும் உண்டு. வீட்டில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே எண்ணெயைப் போடுவதில்லை.

களிம்பு நல்ல களிம்பு. நான் போட்ட விதம்தான் தப்பு. ஒவ்வொரு முறை நாப்பி மாற்றும்போதும் பழைய வெள்ளையை முழுக்க எடுத்தால்தான் சுத்தம் என்று நினைத்தேன். தொடை இடுக்கில் ஒட்டியிருப்பதை ஈரத் துடைப்பானால் தேய்ப்பேன். அது லேசில் வராது, இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். குழந்தை காலை உதைத்துக்கொண்டு முதுகை வில்லாக வளைத்து அழுவாள். ஒரு வாரத்தில் அந்த இடம் தோலுரித்த தக்காளி மாதிரி பளபளவென்று சிவந்துவிட்டது. தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த சிஸ்டர் பார்த்தார். என் கையிலிருந்த துடைப்பானை வாங்கி வைத்துவிட்டு, பஞ்சில் எண்ணெய் தொட்டு, மலம் பட்ட மேல் பூச்சை மட்டும் ஒற்றி எடுத்தார். அடியில் இருந்த வெள்ளையை அப்படியே விட்டு, அதன் மேலேயே புதிதாக ஒரு பூச்சு வைத்தார். “அதுதான் அவளுக்குச் சுவர். நீ சுவரை இடிக்கிறாய்” என்றார். அன்று இரவு மகளைப் பார்த்துப் பார்த்து அழுதேன். தினம் ஏழெட்டு முறை அவளுக்கு வலிக்க வைத்தது நான்தானே.

சுவர் என்றது பொருத்தமான சொல். ஜிங்க் ஆக்சைடு தண்ணீரில் கரையாது. தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அந்த மறைவில் தோல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடந்தால் அம்மோனியா உண்டாகித் தோலில் காரத்தன்மை ஏறும். அப்போது மலத்தில் இருக்கும் செரிமான நொதிகளுக்கு வேகம் கூடி, தோலையே அரிக்கத் தொடங்கும். அதனால் நேரத்துக்கு நாப்பி மாற்றாமல் எந்த விலை உயர்ந்த களிம்பைப் போட்டாலும் பலன் பாதிதான்.

2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எங்களுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. லாரித் தண்ணீரை வாளியில் பிடித்துச் சேர்த்துவைத்த நாட்கள். மகளுக்குப் பதினைந்து மாதம், சரியாக அப்போதுதான் வயிற்றுப்போக்கும் வந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கழுவக் குவளையளவு தண்ணீர்தான். ஆன்ட்டி கொடுத்த களிம்பு அந்தப் போக்குக்கு நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த தோழி முன்பு கொடுத்துவிட்டுப் போன டெசிட்டின் பேஸ்ட் அலமாரியில் இருந்தது. அதில் ஜிங்க் 40 சதவீதம். மீன் எண்ணெய் வாசம் அடிக்கும், கெட்டியாக இருக்கும், விரலிலிருந்து போகாது. ஆனால் அந்த வாரத்தில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாகத் தடவினால் போதாது. அடை மேல் வெண்ணெய் வைப்பது போல, அடியில் தோல் தெரியாத அளவுக்கு வைக்க வேண்டும். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சு. மூன்றாம் நாள் சிவப்பு மங்கத் தொடங்கியது.

அப்போது புரிந்தது, டப்பாவில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து இது பெரியது, அது சிறியது என்று தரம் பிரிப்பதில் அர்த்தமில்லை. சாதாரண நாளுக்குக் கெட்டி பேஸ்ட் தேவையில்லை; அதை எடுக்கப் போய்த் தேய்ப்பதுதான் மிச்சம். வயிற்றுப்போக்கு நாளுக்கு மெல்லிய க்ரீம் தாங்காது.

சின்னவன் பிறந்தபோது லண்டனிலிருந்து நாத்தனார் சூடோக்ரெம் வாங்கி வந்தார். 1931இல் அயர்லாந்தில், டப்ளினில் பிறந்த மருந்து. ஜிங்க் 15.25 சதவீதம். இது க்ரீம், அதாவது இதில் தண்ணீரும் கலந்திருக்கிறது. பூசுவதற்கு லேசாக இருந்தது, பகலில் வீட்டில் இருக்கும் நாட்களுக்குப் பிடித்துப்போனது. லாவெண்டர் வாசனை உண்டு, லானோலினும் உண்டு. வாசனைப் பொருள் ஆகாத குழந்தைக்கு யோசித்துப் போடுங்கள். 2024 தைப்பூசத்தன்று கிளேர்வுட் முருகன் கோயில் காவடிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது மட்டும் க்ரீமை விட்டுவிட்டு ஆன்ட்டி தந்த அதே விளக்கெண்ணெய்க் களிம்பைத் தாராளமாகப் போட்டேன். அந்த வெயிலில், கூட்டத்தில், நினைத்த நேரத்துக்கு நாப்பி மாற்ற முடியாது. மாலை வீட்டுக்கு வந்து கழற்றினால் தோல் சிவக்காமல், நன்றாக இருந்தது.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். சின்னவனுக்கு ஏழு மாதத்தில் காது வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு ராஷ் வந்தது. வழக்கம்போல ஜிங்க் போட்டேன், குறையவில்லை. 40 சதவீத பேஸ்டுக்கு மாறினேன், பரவியது. ஐந்து நாள் வீணாக்கிவிட்டேன். டாக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார், பூஞ்சை என்று. ஈரத்தாலும் உரசலாலும் வரும் சிவப்பு நாப்பி அழுத்தும் மேட்டில்தான் அதிகம் இருக்கும், மடிப்பின் உள்ளே அவ்வளவாக இருக்காது. இவனுக்கு மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பு, ஓரத்தைச் சுற்றிக் கேழ்வரகு தூவின மாதிரி தனித்தனிப் புள்ளிகள். ஜிங்க் அதைக் கொல்லாது. பூஞ்சைக்கான மருந்தை முதலில் மெல்லிசாகத் தடவி, அதன் மேல் ஜிங்க் பூச்சு போடச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் குறையாத ராஷ், கொப்புளம், சீழ், காய்ச்சல் எதுவானாலும் களிம்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதே வாரத்தில் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் டியூப் ஒன்று கொடுத்தனுப்பினார். எல்லாத் தோல் வியாதிக்கும் மெடிக்கலில் எடுத்துக் கொடுக்கிறார்களே, பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது, அது. இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்றார். நான் போடவில்லை. நாப்பிக்குள் மூடிக்கிடக்கும் தோல் ஸ்டீராய்டை அதிகமாக உறிஞ்சும், தோல் மெலிந்துபோகும். டாக்டர் பார்த்து எழுதித் தராமல் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பவுடரும் அப்படித்தான், அம்மா எத்தனை முறை கேட்டாலும் நான் போடுவதில்லை. தூள் பறந்து குழந்தையின் மூச்சில் போகும்.

துணி நாப்பி கட்டுபவர்களுக்கு ஒன்று. ஜிங்க் துணியில் ஒட்டினால் லேசில் போகாது, அப்புறம் அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சாது. நான் பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே ஒரு பட்டை வைப்பேன். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஐஸ் குச்சியால் எடுக்கிறேன். டியூபாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதிவைத்துவிடுங்கள்.

சின்னவனுக்கு இப்போது பகலில் நாப்பி இல்லை. இரவுக்கு மட்டும் கட்டுகிறேன். படுக்கும் முன் ஆன்ட்டியின் அதே விளக்கெண்ணெய்க் களிம்பு, மெல்லிசாக. அந்த டப்பா இன்னும் பாதி இருக்கிறது.