பாம்பு கடித்த முதல் அரை மணி நேரம்: எதைச் செய்வது, எதை விடுவது

ராகிக் கொல்லையிலோ மாந்தோப்பிலோ ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், சுற்றி நிற்கும் பத்துப் பேரும் பத்து யோசனை சொல்வார்கள். ஒருவர் கயிறு தேடுவார், ஒருவர் பிளேடு கேட்பார், ஒருவர் பக்கத்து ஊர் விஷக்கடி வைத்தியருக்குப் போன் போடுவார், இன்னொருவர் கம்பை எடுத்துக்கொண்டு பாம்பின் பின்னால் ஓடுவார். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்றைச் செய்யும் நேரம் இன்னொன்றிலிருந்துதான் கழிகிறது. அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடைமுறையில் இருக்கும் வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விஷமுறிவு மருந்து ரத்தக் குழாயில் ஏறும் நேரத்தை இது சீக்கிரமாக்குமா, தள்ளிப்போடுமா?

உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருபவை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தை உறையவிடாமல் செய்கின்றன. நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துகின்றன. கட்டு விரியன் பெயரில் மட்டும்தான் விரியன்; கீழே வெறுமனே விரியன் என்றால் முதல் இரண்டைத்தான் சொல்கிறேன். நம் நாட்டு விஷமுறிவு மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாராவது. இதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கயிற்றுக் கட்டா, அழுத்தக் கட்டா, சிம்பா?

நம் கை தானாகத் தேடுவது கயிற்றைத்தான். துண்டைக் கிழித்தோ, பழைய சைக்கிள் டியூபை எடுத்தோ கடிவாய்க்கு மேலே இறுக்கிவிடுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்றால் கீழே உள்ள சதை சாகத் தொடங்கும். விரியன் கடி என்றால் விஷம் வேறு அங்கே சதையை அரித்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அப்புறம் கட்டை அவிழ்க்கும்போது, தேங்கி நின்ற விஷம் மொத்தமாக உடம்புக்குள் பாய்ந்து ரத்த அழுத்தம் சரியலாம், மூச்சு திணறலாம். கயிற்றுக் கட்டு வேண்டவே வேண்டாம். நீங்கள் போய்ச் சேருவதற்குள் யாராவது இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால், வழியில் டக்கென்று அவிழ்க்காதீர்கள். அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் அவிழ்ப்பார்.

இரண்டாவது, அழுத்தக் கட்டு. ஆஸ்திரேலியாவில் 1970களின் இறுதியில் உருவான முறை. இழுத்தால் நீளும் அகலமான துணிப் பட்டையை விரல் முனையிலிருந்து தொடை வரை சுற்றி, காலை அசையாமல் வைப்பார்கள். விஷம் பெரும்பாலும் நிணநீர் (ரத்தத்தைப் போலத் தனிக் குழாய்களில் மெல்ல ஓடும் உடல் நீர்) வழியே மெல்லப் பரவுவதால், மிதமான அழுத்தம் அதைத் தாமதப்படுத்தும். அங்குள்ள பாம்புகள் பெரும்பாலும் நரம்பைத் தாக்குபவை, கடித்த இடத்தில் சதையை அதிகம் கெடுக்காதவை. அதனால் அங்கே அது பொருந்துகிறது. நம் ஊரில் விரியன் கடியும் ஏராளம். விரியன் விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி வைத்தால் அந்த இடம் இன்னும் மோசமாகும். சரியான அழுத்தத்தில் சுற்றுவதும் எளிதல்ல, பழகியவர்களே தவறுகிறார்கள். நம் நாட்டுச் சிகிச்சை வழிகாட்டுதல் இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. கட்டு விரியனோ நல்ல பாம்போ என்று உறுதியாகத் தெரிந்து, மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்து, முறையாகப் பயின்ற ஆளும் பக்கத்தில் இருந்தால் அது பயன்படலாம். அந்த மூன்றும் ஒரே இடத்தில் சேருவது அபூர்வம்.

மூன்றாவது, எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல் சிம்பு வைத்து, கைகாலை அசையாமல் வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். மாங்காய் அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்தால் போதும், நல்ல சிம்பு கிடைக்கும். நேரான கிளைக் கம்பும் ஆகும். துண்டால் தளர்வாகக் கட்டுங்கள், கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கையில் கடி என்றால் கழுத்திலிருந்து துண்டால் தொட்டில் கட்டித் தாங்குங்கள். தசை வேலை செய்தால் நிணநீர் வேகமாக ஓடும். அதனால் கடிபட்டவர் ஓடக்கூடாது, முடிந்தவரை நடக்கவும் கூடாது.

இதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று பலருக்கும் தோன்றுவதில்லை. மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், காலில் கட்டிய கருப்புக் கயிறு, எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். கண்ணாடி விரியன் கடித்த கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கும். கால் மணி நேரம் முன்பு சுலபமாக வந்திருக்கும் மெட்டி சதைக்குள் புதைந்துபோய், அதுவே ஒரு கயிற்றுக் கட்டாகிவிடும். மெட்டியைக் கழற்றலாமா என்று தயங்கும் அம்மாக்களிடம் "அப்புறம் போட்டுக்கலாம்மா" என்று சொல்லிக் கழற்றிவிடுங்கள்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, உறிஞ்சுக் கருவி வைப்பது, ஐஸ் வைப்பது, சுடுவது இவற்றை ஒரே வரியில் தள்ளிவிடலாம். உறிஞ்சினால் வரும் விஷம் ஒன்றுமில்லாத அளவு. கீறினாலோ, விரியன் கடியில் ரத்தம் உறையாததால், அந்தக் கீறலிலிருந்து ரத்தம் நிற்காமல் போகும்.

வைத்தியர் வீடா, மருத்துவமனையா?

இதை மரியாதையோடு பேச வேண்டும். நம் ஊர்களில் விஷக்கடி வைத்தியர் காசுக்காகச் செய்பவராக இருப்பதில்லை. நடுராத்திரியிலும் எழுந்து வந்து வேர் அரைத்துக் கொடுப்பவர். மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்பார், வேப்பிலை கசக்கிறதா என்று பார்ப்பார். அவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், அதுவும் உண்மைதான். காரணம், கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிப்பட்டவர்கள் எங்கே போனாலும் பிழைப்பார்கள். விஷம் உள்ளே இறங்கியவருக்கு அந்தத் திண்ணையில் கழியும் ஒரு மணி நேரம்தான் உயிர்.

மருத்துவமனை மருந்துக்குப் பின்னாலும் நம் மண்ணின் அறிவு இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்தைக் கொண்டுதான் நாட்டின் விஷமுறிவு மருந்து பெருமளவு தயாராகிறது. கிருஷ்ணகிரி மலையோரங்களிலும் இருளர் மக்கள் வாழ்கிறார்கள். அந்தக் கைகளின் திறமைதான் மருந்துக் குப்பியாக நம்மிடம் வருகிறது. பெரியவர்கள் மந்திரித்தே ஆக வேண்டும் என்றால் வண்டியில் போய்க்கொண்டே மந்திரிக்கட்டும். வண்டி மட்டும் நிற்கக்கூடாது.

108-ஆ, பைக்கா, டோலியா?

இங்கேதான் நம் மாவட்டங்களுக்கென்று தனிக் கணக்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் என்று தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரென்றால் யோசிக்க வேண்டாம், 108. அதில் ஆக்சிஜன் இருக்கிறது, மூச்சு நின்றால் பை வைத்து அழுத்திக் காற்று கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார்.

அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி பக்கம் கதை வேறு. ஆம்புலன்ஸ் மலையேறி வந்து, திரும்பி இறங்க வேண்டும். அங்கே பைக் கைகொடுக்கும். ஓட்டுபவர் முன்னால், கடிபட்டவர் நடுவில், அவரைக் கட்டிப் பிடித்தபடி ஒருவர் பின்னால். கிளம்பும்போதே 108-க்குச் சொல்லிவிட்டு, எதிரே வரும் வண்டியில் பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். சிக்னல் கிடைக்காத ஊரில், சிக்னல் வரும் பாறைக்கு முதலில் ஓட வேண்டியவர் யார் என்று முன்பே பேசி வையுங்கள். ஆனால் இமை சொருகுகிறது, பேச்சு குழறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் பைக் ஆபத்து. உட்கார வைத்தால் தலை தொங்கி மூச்சு அடைக்கும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜீப்போ டெம்போவோ, எது கிடைத்தாலும் அதில் கொண்டுபோங்கள்.

சாலையே இல்லாத மலையூர்கள் தனி வேதனை. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர்மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை முதுகில் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊர்களில் டோலி கட்டித் தூக்குவதுதான் வழி. "கொஞ்ச தூரம் நானே நடந்துடறேன்" என்று கடிபட்டவர் சொன்னாலும் விடாதீர்கள். நல்ல சாலை போட்டுத் தருவதும் பாம்புக்கடி முதலுதவிதான் என்று ஆட்சியாளர்களிடம் உரக்கக் கேட்க வேண்டும்.

பக்கத்து ஆஸ்பத்திரியா, பெரிய ஆஸ்பத்திரியா?

"நேரா தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கே போயிடலாம்" என்பது நம் பழக்கம். ஒகேனக்கல்லில் கடிபட்டவர் பென்னாகரம் அரசு மருத்துவமனையைத் தாண்டித்தான் தருமபுரி போக வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கும் முதல் இடத்திலேயே அதைத் தொடங்கிவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு மாறுவதுதான் சரி. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் தேவைப்படும்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டும். முதல் குப்பி அதுவரை காத்திருக்கக்கூடாது. போகும்போதே போனில் மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டிடி ஊசியும் வலி ஊசியும் போட்டு வீட்டுக்கு அனுப்பும் சிறு கிளினிக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். ரத்தம் உறையாத நேரத்தில் சதையில் போடும் ஊசியே கேடு. விஷமுறிவு மருந்தையே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அது ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டிய மருந்து, கடும் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. துரத்தினால் இரண்டாவது ஆளுக்கும் கடி விழும். அடித்துப்போட்ட பாம்பின் தலைகூடக் கடிக்கும். தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. மருத்துவர் உடம்பில் தெரியும் அறிகுறியைப் பார்த்தே முடிவு செய்வார். அதனால் கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் தோலிலேயே கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள்.

கட்டு விரியனுக்கு மட்டும் இந்த அடையாளம் எதுவும் உதவாது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இமை தானாக இறங்கினால் ஓமத் தண்ணீரை வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஒரு நாள் தங்குவதா, கிளம்புவதா?

மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்து நின்றால் நல்லது. தண்ணீர்போல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. முதல் முறை உறைந்துவிட்டதென்று கிளம்பிவிடக்கூடாது, சில மணி நேரம் கழித்து அதே சோதனை மாறிவிடலாம். ஒன்றும் ஆகாதவர்போல் தெரிந்தாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆடுமாட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று பலர் கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிறார்கள். அந்த ஒரு நாள் பொறுப்பைப் பக்கத்து வீட்டார் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, அன்றே திரும்பிப் போய்ச் சேருங்கள்.