திவால் மனுவுக்கு முன் நாங்கள் போன கடன் ஆலோசனை மையம்: முழு அனுபவம்

தொழிலை மூடிய பிறகு எட்டு மாதம், வந்த கடிதம் எதையும் என் அத்தான் பிரிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுப் போட்டு அலமாரி மேலே வைத்திருந்தார். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் நானும் அவரும் கடன் ஆலோசனை மையத்துக்கு முதல் முறை போனோம். கட்டணம் வாங்காத சேவை. அவருக்கு வரவே மனசில்லை, அக்கா அழுததால் வந்தார்.

மையத்தின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. படிக்கிறவர்கள் பல நாடுகளில் இருப்பீர்கள், இந்த மாதிரி மையங்கள் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. எங்கே போனாலும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஆலோசகர் அம்மா எங்களை உட்கார வைத்துவிட்டு, அந்தப் பையில் இருந்த ஒவ்வொரு உறையையும் அவரே பிரித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன், வண்டிக் கடன், வீட்டுக் கடன், சரக்கு கொடுத்தவர்களின் பாக்கி, நண்பர் ஜாமீன் போட்ட வங்கிக் கடன் என்று ஒரு தாளில் எழுதினார். நடுவில் ஒரு கோடு போட்டு, அடமானம் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம் பிரித்தார். அந்தக் கோடுதான் மொத்த விஷயமும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அடமானம் இல்லாத கடனைத்தான் திவால் பெரும்பாலும் தீர்க்கும். வீட்டின் மேலோ வண்டியின் மேலோ கடன் கொடுத்தவருக்கு அந்தப் பொருள் மீது இருக்கும் உரிமை அப்படியே இருக்கும், தவணை நின்றால் பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி இருந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் ஒரு பைசா கட்ட வேண்டாம், நிம்மதி என்று ஒரு கட்சி. கொடுத்தால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது, ஜெயில்கூட உண்டு என்று இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் கிடையாது, சொத்தை மறைப்பதும் பொய்க் கணக்குக் கொடுப்பதும்தான் குற்றம். இதைக் கேட்டதும் அத்தான் முகத்தில் வந்த மாற்றத்தை நான் மறக்க மாட்டேன், எட்டு மாதமாக அந்த மனுஷன் உள்ளுக்குள் போலீஸை எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்புறம் அந்த அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் தருவேன். "கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் சொந்தக்காரர் யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீர்களா? சொத்து எதையாவது யார் பெயருக்காவது மாற்றினீர்களா?" அத்தான் என்னைப் பார்த்தார். கடைசியாக விற்ற சரக்குப் பணத்தை முழுசாகத் தன் தம்பியிடம் கொடுத்திருந்தார். வங்கி காத்திருக்கும், தம்பிக்கு முதலில் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். வீட்டில் தன் பங்கை அக்கா பெயருக்கு எழுதிவைக்கவும் அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்.

அந்த இரண்டும்தான் பெரிய கண்ணி. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் காத்திருக்கும்போது ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்தால், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் அதிகாரம் சொத்துகளை நிர்வகிக்க வரும் டிரஸ்டிக்கு உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் உறவில்லாத ஒருவரிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது என்றால் மனுவுக்கு முந்தைய 90 நாள், உறவினர் என்றால் 1 வருடம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் நெருங்கியவருக்குக் கொடுத்த முன்னுரிமை 2 வருடம், அடிமாட்டு விலைக்கோ சும்மாவோ எழுதிக்கொடுத்த சொத்து 5 வருடம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொன்னால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். பத்திரம் எழுதும் வேலையை அன்றே நிறுத்தினோம். தம்பிக்குக் கொடுத்ததை மனுவில் மறைக்காமல் எழுதினோம், டிரஸ்டி அதைத் திரும்பக் கேட்டார், தம்பி தவணையாகக் கட்டினார், இரண்டு குடும்பமும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் முன்னால் இந்த மையத்துக்குப் போயிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

மனு போடு என்று அவர்கள் தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரவு செலவு எழுதி, வட்டியைக் குறைத்துத் தவணையாகக் கட்டும் திட்டம் ஓடுமா என்றுதான் முதலில் பார்த்தார்கள். ஓடாது என்று தெரிந்த பிறகே திவால் பேச்சு வந்தது. அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், 2005இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். கனடாவிலும் திவாலானவர் இரண்டு முறை ஆலோசனைக்கு உட்கார வேண்டும். முதலில் சம்பிரதாயம் என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை.

மனு ஏற்கப்பட்ட அன்றிலிருந்து வசூல் போன்கள் நின்றன. வழக்கு, சம்பளப் பிடித்தம், மிரட்டல் எல்லாவற்றுக்கும் தடை விழுவதுதான் இந்த நடைமுறையின் முதல் பலன். அன்று இரவு அத்தான் பத்து மணி நேரம் தூங்கினார் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் எது தீராது என்பதையும் மையத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம், ஏமாற்றி வாங்கிய கடன் ஆகியவை பொதுவாக எங்கும் தப்பாது. கல்விக் கடன் பல நாடுகளில் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். கனடாவில் படிப்பை விட்டு 7 வருடம் ஆகாமல் அரசுக் கல்விக் கடனைத் திவாலில் பொதுவாகத் தீர்க்க முடியாது. இதையெல்லாம் விட எங்களைச் சுட்டது ஜாமீன் விஷயம். அத்தான் பொறுப்பிலிருந்து விடுபட்டாலும் ஜாமீன் போட்ட நண்பரை வங்கி பிடிக்கும், முழுத் தொகைக்கும் பிடிக்கும். "அவரிடம் வங்கி சொல்வதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மா. அத்தான் போனார். நண்பர் கதவைச் சாத்தவில்லை, வங்கியோடு பேசித் தவணை வாங்கிக்கொண்டார். அந்த நட்பு இன்னும் முழுசாகப் பழைய நிலைக்கு வரவில்லை, அதற்கு எந்தச் சட்டத்திலும் மருந்து இல்லை.

வீடு போகுமா என்பதுதான் அக்காவின் பயம். விற்றால் வீட்டுக் கடன் போக எதுவும் மிஞ்சாது என்பதால் எங்கள் விஷயத்தில் டிரஸ்டி தொடவில்லை. மிச்சம் கணிசமாக இருந்தால் கதை வேறு. வீட்டுச் சாமான், தொழில் கருவி போன்ற அவசியப் பொருட்களை ஓரளவு விட்டுவைப்பார்கள், எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம்கூட மாறும்.

எவ்வளவு காலம் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் சாதாரணமாக 12 மாதத்தில் விடுவிப்பு, அதாவது பழைய கடன் பொறுப்பிலிருந்து விடுதலை. அமெரிக்காவில் சொத்தை விற்றுத் தீர்க்கும் சாப்டர் 7 வழியில் மனுவிலிருந்து சுமார் 4 மாதம், தவணையாகக் கட்டும் சாப்டர் 13 வழியில் 3 முதல் 5 வருடம். கனடாவில் முதல் முறை என்றால், அரசு வைத்த அளவைத் தாண்டிய உபரி வருமானம் இல்லாதவருக்கு 9 மாதம். ஆஸ்திரேலியாவில் 3 வருடம் 1 நாள். இந்தியாவில் 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது, மற்றவர்களுக்கு 1909, 1920ஆம் வருடத்துப் பழைய திவால் சட்டங்கள்தான்.

அந்தக் காலத்தில் வாழ்க்கை சுருங்கும். இங்கிலாந்தில் 500 பவுண்டோ அதற்கு மேலோ கடன் கேட்டால் திவாலானவன் என்று சொல்லியே ஆக வேண்டும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெளிநாடு போக அனுமதி வாங்க வேண்டும், ஊரில் ஒரு சாவு என்றால்கூட. விடுவிப்புக்குப் பிறகும் கடன் பதிவில் தழும்பு இருக்கும், இங்கிலாந்தில் திவாலான நாளிலிருந்து 6 வருடம், அமெரிக்காவில் சாப்டர் 7 என்றால் மனு போட்ட நாளிலிருந்து 10 வருடம் வரை. வாடகை வீடு தேடும்போது அது வந்து நிற்கும்.

குறைகளும் உண்டு. முதல் சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருந்தோம், அந்த மூன்று வாரம்தான் கடன் வாங்கியவன் தப்புமேல் தப்பு செய்யும் காலம். "வரும் வரை யாருக்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள், எதையும் எழுதிக்கொடுக்காதீர்கள், புதுக் கடன் வாங்காதீர்கள்" என்று போனிலேயே இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. படிவங்கள் தலைசுற்றும் மொழியில் இருந்தன, நான் பக்கத்தில் இல்லையென்றால் அத்தான் பாதியில் எழுந்து வந்திருப்பார். இரண்டாம் சந்திப்பில் வேறொருவர் வந்தார், அவசரம் அவசரமாக முடித்தார். மனநிலையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அத்தான் அந்த நாட்களில் சாப்பாட்டுக்கே கூப்பிட்டால்தான் வருவார். கூட யாராவது போங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.

இதற்கு முன்னால் விளம்பரம் பார்த்து ஒரு "கடன் தீர்வு" கம்பெனிக்கு அத்தான் முன்பணம் கட்டி ஏமாந்திருந்தார். கடனைப் பாதியாக்குகிறோம், வங்கி போனை எடுக்காதீர்கள் என்றார்கள், நடுவில் வட்டி ஏறியதுதான் மிச்சம். போனில் வியாபாரம் பிடிக்கும் இந்த வகைக் கம்பெனிகள் கடனைத் தீர்க்கும் முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2010இலேயே விதி போட்டுவிட்டார்கள். முதலில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு தருவேன். குறைத்த ஒரு மதிப்பெண், அந்த மூன்று வாரத்துக்கு.

விடுவிப்புக் கடிதம் வந்ததும் அந்த அம்மா கடைசியாக ஒன்று சொன்னார், அதைப் பத்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய கடனை யாராவது விலைக்கு வாங்கிக்கொண்டு மறுபடி கூப்பிடுவார்கள் என்று. சரியாக ஒன்றரை வருடம் கழித்து ஒரு போன் வந்தது, பழைய கிரெடிட் கார்டு பாக்கி என்று. அத்தான் பதறவில்லை. அலமாரியில் இருந்த கடிதத்தை எடுத்து எண்ணையும் தேதியையும் நிதானமாக வாசித்தார், ஒரு பிரதியை அனுப்பிவைத்தார். பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை.