வீட்டில் ஐ.என்.ஆர். பார்க்கும் கருவி: லூபஸ் உள்ளவர்கள் யோசித்து வாங்கவும்

தங்கைக்கு லூபஸ் (நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்), கூடவே இரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் உண்டு. மூளை இரத்தக்குழாயில் உறைகட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தபின் தினமும் வார்ஃபரின், அதாவது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர்.; அது அதிகமானால் மாத்திரையைக் குறைக்க வேண்டிவரும். அதைப் பார்க்க ஆய்வகத்துக்கு அலைய வேண்டாமே என்று இந்தக் கருவியை வாங்கினோம். விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம். எறும்புக்கடி அளவுதான் வலி. நிமிடத்தில் எண் வந்துவிடுகிறது.

வந்து என்ன பயன்? கருவி 4.1 காட்டிய அதே காலையில் ஆய்வகம் 2.6 என்றது! அந்த எதிர்ப்பொருள்களே, இரத்தச் சொட்டு வைக்கும் சோதனைப் பட்டையிலுள்ள வேதிப்பொருளோடு குறுக்கிட்டு அளவை உயர்த்திக் காட்டக்கூடும் என்றார் மருத்துவர். நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால் மறுபடி உறைந்திருக்கலாம். எச்சரிக்கை கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. விற்றவர் வாயே திறக்கவில்லை. இதய வால்வு மாற்றிய, இந்தச் சிக்கல் இல்லாத எங்கள் மாமா இதையே நிம்மதியாகப் பயன்படுத்துகிறார். எங்களுக்கு இரண்டு நட்சத்திரம்தான். பட்டைகளின் விலை தனிக்கதை.