அல்சூர் மேத்ஸ் டியூஷன்: முக்கோணம் புரியாத பசங்கள இங்க அனுப்பலாம்

பெங்களூர்ல அல்சூர் பக்கம் நல்ல மேத்ஸ் டியூஷன் இருக்கான்னு நிறைய பேர் கேக்குறீங்க, அதான் விவரமாவே எழுதுறேன். சோமேஸ்வரர் கோயில் கிட்ட ஒரு சந்துல, மாடில ஒரு ரிட்டயர்டு சார் எடுக்குறார், போர்டு எல்லாம் கிடையாது. டென்த், பியூசி (நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) பசங்க தான். தமிழ்ல பேசி இங்கிலீஷ்ல எழுதிப் போடுவார், கன்னடப் பசங்களுக்கு கன்னடத்துலயும் ஒரு தடவை சொல்லிடுவார்.

என் பொண்ணு முன்னாடி போன கோச்சிங் சென்டர்ல, முக்கோணத்துல ஒரு பக்கம் தெரியலன்னா உடனே பிதாகரஸ் போடுன்னு பழக்கி வச்சிருந்தாங்க, செங்கோணம் இருக்கான்னு பாக்குறதே இல்ல. இங்க வந்தா சார் முதல்ல பேனாவ கீழ வைக்கச் சொல்றார். கணக்குல என்னென்ன குடுத்திருக்கு, அத சொல்லு. 90 டிகிரியும் ரெண்டு பக்கமும் தெரிஞ்சா பிதாகரஸ், ரெண்டு பக்கமும் அதுக்கு நடுவுல இருக்குற கோணமும்னா கொசைன் ரூல், ஒரு பக்கமும் ரெண்டு கோணமும்னா சைன் ரூல். அப்புறம் விடை எதுல இருந்து எதுக்குள்ள வரும்னு சொல்லணும். 6, 8ன்னு ரெண்டு பக்கம் இருந்தா மூணாவது 2க்கு மேல, 14க்குக் கீழ தான் வர முடியும். நடுக்கோணம் 60ன்னா கொசைன் ரூல் படி ரெண்டு பக்கத்தோட வர்க்கம் 36ம் 64ம் கூட்டி, 2 × 6 × 8 × cos 60, அதாவது 48 கழிச்சா 52, ரூட் எடுத்தா 7.2 கிட்ட வருது. அதே கோணத்த 90 ஆக்குனா cos 90 பூஜ்யம், கழிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல, நேரா 10. அப்ப பிதாகரஸே கொசைன் ரூலுக்குள்ள தான் இருக்கான்னு என் பொண்ணு வீட்டுக்கு வந்து கேக்குறா, எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். ரூட்டே போடாம கர்ணம் (செங்கோணத்துக்கு எதிர்ல இருக்குற பக்கம்) கண்டுபிடிக்கிற பழந்தமிழர் கணக்குன்னு வாட்ஸ்அப்ல சுத்துமே, மத்த ரெண்டு பக்கத்துல பெரிய பக்கத்துல எட்டுல ஒரு பங்க கழிச்சு, சின்ன பக்கத்துல பாதியக் கூட்டணும்னு, அத ஒரு பையன் கொண்டு வந்துட்டான். சார் கிண்டல் பண்ணல, கண்ண மூடிட்டு ஆஹான்னும் சொல்லல. போட்டுப் பாருன்னார். 3, 4க்கு கரெக்டா 5. 5, 12க்கு 13. பசங்க கை தட்டிட்டாங்க. அப்புறம் 7, 24 குடுத்தார், 24.5 வந்துது, வர வேண்டியது 25. 10, 10க்கு 13.75, உண்மைல 14.14. தோராயமா அளக்க இது அருமையான வழி, பரீட்சைல போடாத, எங்கெங்க எவ்ளோ விலகுதுன்னு டேபிள் போட்டு எடுத்துட்டு வான்னு அனுப்பிட்டார். இப்படி சொல்லிக் குடுக்குற வாத்தியார் கிடைக்கிறது கஷ்டங்க.

ரூம் சின்னது, வெயில் காலத்துல புழுங்கும். சாயங்காலம் அந்த சந்துல வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, மெட்ரோல வந்து நடந்துடுங்க. பிரிண்ட் நோட்ஸ் தர மாட்டார். கொஸ்டின் பேப்பரா போட்டு மார்க் மட்டும் ஏத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு இது சரிப்படாது. பீஸ் மாசம் 1,800, ரெண்டு பசங்கள சேர்த்து விட்டா கொஞ்சம் குறைச்சுக்குறார். சேக்குறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் சும்மா உக்காந்து பாக்க விடுவார், பிள்ளையையும் கூட்டிட்டே போங்க.