ஒரு முழு என்பிஏ சீசனை உட்கார்ந்து பார்த்த கதை

2023 அக்டோபரில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் ஒரு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டினேன். அதுவரை எனக்குக் கூடைப்பந்து என்றால் யூடியூபில் பத்து நிமிடத் துண்டுகள்தான்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் காலை 6 மணி. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அதே ஆட்டம் 5 மணிக்கு வந்துவிடும். இது தெரியாமல் மார்ச்சில் ஒருநாள் காபியோடு உட்கார்ந்தேன். ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் இரண்டாவது முடியும் நிலையில் இருந்தது.

ஆட்டம் 48 நிமிடம்தான், ஆனால் முடிய இரண்டேகால் மணி நேரம் ஆகும். கடைசி இரண்டு நிமிடம் மட்டும் டைம் அவுட், ஃபவுல், ரீப்ளே என்று பல் துலக்கிக் குளித்துவிட்டு வரும் அளவுக்கு இழுக்கும். ஆப்பில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் பதிவைத் திறந்தால் கீழே ஓடும் கோடு வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். அதைப் பார்த்ததுமே ஆட்டம் சமநிலையாகி ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம், போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். புகார் எழுதினேன், 'நன்றி' என்று பதில் வந்தது. கோடு அப்படியேதான் இருக்கிறது.

30 அணியையும் துரத்த முடியாது. முதல் மாதம் நட்சத்திரங்களைத் தேடி அலைந்தேன். 7 அடி 4 அங்குலத்தில் சான் அன்டோனியோ அணியின் வெம்பன்யாமா கையை நீட்டினால் எதிராளி எறியவந்த பந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறான், அது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஜனவரியில், அப்போது டல்லாஸ் அணியில் இருந்த லூக்கா டான்சிச் அட்லாண்டாவுக்கு எதிராக 73 புள்ளி எடுத்த சனிக்கிழமை நான் போர்வைக்குள் இருந்தேன். நட்சத்திரத்தைத் துரத்தினால் இப்படித்தான்.

அப்புறம் ஏனோ டெட்ராய்டிடம் மாட்டிக்கொண்டேன். முதல் மூன்றில் இரண்டை ஜெயித்த அணி, அதற்குப் பிறகு தோற்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. தொடர் தோல்வி இருபதைத் தாண்டியதும் விடமுடியவில்லை. இன்றைக்காவது ஜெயித்துவிடுவார்கள் என்று அலாரம் வைத்தேன். டிசம்பர் 29 காலை, பாஸ்டனில் ஆட்டம். லீக்கின் மிகச் சிறந்த அணியும் மிக மோசமான அணியும். இடைவேளையில் டெட்ராய்ட் 19 புள்ளி முன்னிலை! இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். மூன்றாவது குவார்ட்டரில் பாஸ்டன் விழித்துக்கொண்டது. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது, 128-122 என்று பாஸ்டன் ஜெயித்தது. டெட்ராய்டுக்குத் தொடர்ச்சியாக 28வது தோல்வி. ஒரே சீசனுக்குள் இவ்வளவு நீளமாக யாரும் தோற்றதில்லை. டெட்ராய்டின் கேட் கன்னிங்ஹாம் 31 புள்ளி எடுத்தும் பயனில்லை. அடுத்த ஆட்டத்தில் டொரண்டோவை 129-127 என்று வென்றபோது, கோப்பை கிடைத்ததுபோல வீட்டில் கத்தினேன். மனைவி பால் பொங்கியதென்று நினைத்து ஓடிவந்தாள்.

ஆகவே வருடச் சந்தா வாங்குபவர்கள் ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மோசமான அணியானாலும் சரி. சீசன் நடுவே நட்சத்திரங்களைச் சேர்த்து நடத்தும் ஆல்ஸ்டார் காட்சி ஆட்டத்தைத் தாராளமாகத் தவிர்க்கலாம். அந்த சீசனில் 211-186 என்பது ஸ்கோர். யாரும் தடுக்க மெனக்கெடவில்லை.

சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்று வேறு ரகம். அதே வீரர்கள், ஆனால் ஒவ்வொரு அடியும் இறுக்கம். டென்வருக்கு எதிரான தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டத்தில் 20 புள்ளி பின்தங்கிய மினசோட்டா திரும்பிவந்து ஜெயித்ததை அலுவலகம் போகும் பேருந்தில் முழுசாகப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது திங்கட்கிழமை காலை. சிக்னல் போய்ப் போய் வந்தது, பாதிதான் பார்த்தேன்.

இறுதிப்போட்டி ஜூன் 18 செவ்வாய் காலை முடிந்தது. இடைவேளை மணி அடிக்கும்போது பாஸ்டனின் பேட்டன் பிரிட்சர்ட் பாதி மைதானத்திலிருந்து விட்ட பந்து வலைக்குள் விழுந்தது. பாஸ்டன் 106-88 என்று டல்லாஸை முடித்துப் 18வது பட்டம் வென்றது. சரி, நல்ல அணிதான். மறுநாள் டெட்ராய்ட் தன் பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை நீக்கியது. 82 ஆட்டத்தில் 14 வெற்றி. அந்தச் செய்தியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.